முறை வைப்பதா, மாதக் காசு சேர்ப்பதா?

மட்டக்களப்பில் பழைய தொடர்மாடி ஒன்றில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. பொது இடங்களை வீட்டுக்கு வீடு முறை வைத்து நாமே பார்ப்பதா, மாதாமாதம் காசு சேர்த்து ஆள் பிடிப்பதா?

படிக்கட்டுக் கூட்டவும் பல்ப் மாற்றவும் முறையே போதும். செலவில்லை, அயலோடு பேச்சுப் பழக்கமும் இருக்கும்.

கூரைக்கு அது சரிவராது. கல்லடிப் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, உப்புக்காற்று ஓயாது. வெடிப்பால் ஈரம் இறங்கினால் உள்ளே கம்பி கறல் பிடித்து ஊதி, கொங்கிறீற்றை வெளியே தள்ளும். விறாந்தைக்கு மேலே பழுப்புக் கோடு தெரிந்து, தட்டினால் பொள்ளென்று கேட்கிறதா? சும்மா சீமெந்து பூசி மறைக்காதீர்கள். அந்த இடத்தை உடைத்து, கறலைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சு அடித்துத்தான் மூட வேண்டும். அதற்குக் கையில் காசு வேண்டும். மேல்மாடிக்காரர் தலையில் மட்டும் அதைக் கட்டுவது அநியாயம், கூரை எல்லோருக்கும் பொது. உரிமையாளர்கள் சேர்ந்து பொது நிதி வைப்பதற்கு தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்திலும் அதன் திருத்தங்களிலும் இடமுண்டு.

ஆகவே நான் மாதக் காசின் பக்கம். கூட்டுவதை மட்டும் முறையில் விடலாம். வரவு செலவைப் படிக்கட்டடியில் ஒட்டிவிட்டால் காசு கேட்பவருக்கும் சங்கடமில்லை. அப்புறம், மாரி மழைக்கு முன்பே பீலிச் சருகை அள்ளி, தண்ணீர்த் தாங்கியின் மூடியையும் பாருங்கள். டெங்கு நுளம்புக்குத் தேங்கிய தண்ணீர் கொஞ்சம் போதும்.