புது கார், தீராத பழுது: நியூ ஜெர்சி லெமன் லா யூனிட் எப்படி?

நியூ ஜெர்சியில் புது கார் வாங்கி, அது திரும்பத் திரும்ப மக்கர் பண்ணினால், மாநில அரசின் நுகர்வோர் விவகாரப் பிரிவுக்குள் லெமன் லா யூனிட் என்று ஒன்று இருப்பதை மறந்துவிடாதீர்கள். பழுது தீராத புது காரை இங்கே 'லெமன்' என்பார்கள்; அப்படிப்பட்ட காரை வாங்கியவருக்குப் பணத்தைத் திரும்பக் கேட்க உரிமை தரும் சட்டம்தான் லெமன் லா. கட்டணம் 50 டாலர். வக்கீல் கட்டாயமில்லை. எங்கள் காருக்குக் கொடுத்த பணம் இந்த வழியாகத்தான் திரும்பி வந்தது.

இந்த விஷயத்தில் மூன்று இடங்களோடு பழக வேண்டியிருந்தது: டீலரின் சர்வீஸ் பிரிவு, கார் கம்பெனியின் கஸ்டமர் கேர், கடைசியாக இந்த யூனிட். மூன்றைப் பற்றியும் எழுதுகிறேன். டீலர், கம்பெனி பெயர்களைச் சொல்லப் போவதில்லை. எந்தக் கம்பெனி காரிலும் இப்படி ஒன்று வந்து மாட்டலாம்.

கார், ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி. நான் நர்ஸ், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். பிஸ்கேட்டவேயிலிருந்து மோரிஸ்டவுன் வரைக்கும் 287 நெடுஞ்சாலையில்தான் போக வர. வாங்கிச் சில வாரங்களிலேயே, 65 மைல் வேகத்தில் போகும்போது ஒரு குலுக்கல். உடனே பவர் குறைக்கப்பட்டதாக டேஷ்போர்டில் எச்சரிக்கை. ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி எழும்பாது. பின்னால் டிரக்குகள் வந்துகொண்டிருக்க, ஹசார்டு லைட்டைப் போட்டு ஓரத்துக்கு ஊர்ந்து வரவேண்டும். வண்டியை அணைத்துச் சற்று நேரம் கழித்து எடுத்தால் எதுவுமே நடக்காதது போல ஓடும். டீலரிடம் போய்ச் சேரும்போது எந்த விளக்கும் எரியாது. இந்த மாதிரிக் கோளாறுதான் இருப்பதிலேயே மோசம், ஏனென்றால் பார்க்கிறவர்களுக்கு நாம் கற்பனை பண்ணுவது போலத் தோன்றும்.

டீலரின் சர்வீஸ் பிரிவைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்கிறேன். மரியாதையாகப் பேசினார்கள். ஒவ்வொரு முறையும் லோனர் கார், அதாவது நம் கார் திரும்பும்வரை ஓட்ட ஒரு மாற்றுக் கார், கொடுத்தார்கள். ஆனால் பேப்பர் விஷயத்தில் அவர்களுக்கு அக்கறையே இல்லை. முதல் முறை சாவியை நீட்டிய சர்வீஸ் அட்வைசர், "ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை மேடம். வேலை எதுவும் செய்யாததால் பில் இல்லை" என்றார். என்ன புகார், என்ன செய்தார்கள் என்று எழுதிய ரிப்பேர் ஆர்டர் கையில் வராமல் சாவியை வாங்க மாட்டேன் என்று கவுண்டரிலேயே நின்றேன். சிறிது நேரம் முணுமுணுத்துவிட்டு அச்செடுத்துக் கொடுத்தார்.

காய்ச்சல் விட்டிருக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியை, "தெர்மாமீட்டரில் ஒன்றும் இல்லை" என்று சார்ட் போடாமல் திருப்பி அனுப்ப முடியுமா? அவர் சொல்கிற வார்த்தையிலேயே புகாரை எழுதி, பார்த்தோம், இப்போது இல்லை என்று அடுத்த வரியில் எழுதுவோம். காருக்கும் அதைத்தான் கேட்டேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நியூ ஜெர்சி சட்டப்படி, கார் உங்களிடம் வந்து 24 மாதம் அல்லது 24,000 மைல், எது முதலில் வருகிறதோ அதற்குள், ஏறக்குறைய அதே கோளாறுக்காக மூன்று முறை பழுது பார்க்கக் கொடுத்தும் தீராமல் இருந்தால் அது லெமன் என்று வாதாடலாம்.  டீலர் "கோளாறு தென்படவில்லை" என்று எழுதிக் கொடுக்கும் காகிதமும், அந்தக் கோளாறுக்காகக் காரைக் கொண்டுபோனதற்குச் சாட்சி. அதைக் கேட்டு வாங்காமல் வந்துவிட்டால் அந்த முறை நடந்ததற்கு உங்கள் கையில் சாட்சி இல்லை. என்ன புகார், என்ன செய்தார்கள், எந்தத் தேதி, எத்தனை மைல் என்று விவரமான அறிக்கையை ஒவ்வொரு முறையும் கொடுப்பது அவர்கள் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

"ஏறக்குறைய அதே கோளாறு" என்பதும் முக்கியம். ஒரு முறை "குலுக்கல்", அடுத்த முறை "எஞ்சின் விளக்கு எரிந்தது", இன்னொரு முறை "பிக்கப் இல்லை" என்று அட்வைசர் தனக்குத் தோன்றியபடி தட்டச்சு செய்தால், இவை மூன்று தனித்தனிப் புகார்கள் என்று கம்பெனி வாதாட இடமுண்டு. அதனால் நான் ஒரே வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவேன்: "நெடுஞ்சாலை வேகத்தில் டிரான்ஸ்மிஷன் குலுங்கி, பவர் குறைந்து, ஆக்சிலரேட்டர் வேலை செய்வதில்லை." இதை அப்படியே போடுங்கள் என்பேன். போட்டிருக்கிறார்களா என்று திரையைத் திருப்பச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு முறை, பக்கத்து சீட்டில் இருந்த என் கணவர் டேஷ்போர்டை வீடியோ எடுத்தார். அது கையில் இருந்த பிறகு சர்வீஸ் பிரிவில் பேச்சே மாறிவிட்டது. சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள், அப்புறம் டிரான்ஸ்மிஷனுக்குள் ஒரு பாகத்தை மாற்றினார்கள். அந்தப் பாகம் வரும்வரை வண்டி அங்கேயே கிடந்தது. கார் சர்வீஸில் இருந்த நாட்கள் மொத்தம் 20 ஆகிவிட்டால், லெமன் என்று வாதாட அதுவும் தனியாக ஒரு வழி. காலண்டர் நாள் கணக்கு, சனி ஞாயிறும் சேரும். லோனர் கார் கொடுத்துவிட்டால் அந்த நாட்கள் கணக்கில் வராது என்று அட்வைசர் சொன்னார். அது தவறு. உங்கள் கார் உங்களிடம் இல்லை என்பதுதான் கணக்கு.

உயிருக்கு ஆபத்தான கோளாறாக இருந்தால் ஒரே ஒரு முறை போதும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. 287-இல் பவர் போவது ஆபத்து இல்லாமல் வேறென்ன? ஆனாலும் நாங்கள் மூன்று முறை என்ற வழியையே பிடித்தோம். அவர்கள் கண்ணில் படாத ஒரு கோளாறை ஆபத்தானது என்று நிரூபிப்பதைவிட, கையில் இருக்கும் காகிதங்களைக் காட்டுவது சுலபம்.

கம்பெனியின் கஸ்டமர் கேர் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒரு கேஸ் நம்பர், ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு புதுக் குரல், முதலிலிருந்து கதை சொல்லவேண்டும். எக்ஸ்டெண்டட் வாரண்டி தருகிறோம் என்றார்கள். ஓடாத காருக்கு வாரண்டியை நீட்டி நான் என்ன செய்வது? போனில் எத்தனை தடவை புலம்பினாலும் சட்டத்தின் கண்ணில் அது அறிவிப்பு ஆகாது. கோளாறு இரண்டு முறையாவது பார்க்கப்பட்ட பிறகு, அல்லது 20 நாள் ஆன பிறகு, சர்டிஃபைட் மெயிலில் (பதிவுத் தபால் போல), வாங்கியவர் கையெழுத்திட்ட ரிட்டர்ன் ரிசீட் கேட்டு, கம்பெனிக்குக் கடிதம் அனுப்பவேண்டும். டீலருக்கு அனுப்பினால் பயனில்லை, கார் தயாரிப்பாளருக்கே போகவேண்டும். கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் கடைசியாக ஒரு முறை சரிசெய்ய அவர்களுக்கு வாய்ப்பு.

அந்தக் கடிதம் போன பிறகுதான் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. தங்கள் பொறியாளர் ஒருவரை டீலரிடம் அனுப்பினார்கள். மறுபடி சாஃப்ட்வேர். "இனி வராது" என்றார்கள். அடுத்த வாரமே, அதிகாலையில் வேலை முடிந்து திரும்பும்போது, பெட்மின்ஸ்டர் பக்கத்தில் மறுபடியும் ஓரத்தில் நின்றேன்.

பிறகு யூனிட்டுக்கு விண்ணப்பித்தோம். வாங்கிய ஒப்பந்தம், லோன் பேப்பர், ரிஜிஸ்ட்ரேஷன், எல்லா ரிப்பேர் ஆர்டர்களும், கடிதத்தின் நகல், கையெழுத்தாகித் திரும்பிய ரிசீட் என்று எல்லாவற்றின் பிரதிகளையும் சேர்த்துக் கொடுத்தோம். சந்தேகம் கேட்டபோது பொறுமையாக, தெளிவாகப் பதில் சொன்னார்கள். விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டால், மாநில நிர்வாகச் சட்ட அலுவலகத்தின் நீதிபதி ஒருவர் முன் விசாரணைக்குத் தேதி கொடுக்கிறார்கள். அதுவும் 20 நாளுக்குள் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. நீதிமன்றம் என்றாலே வருஷக்கணக்கு என்று நினைத்திருந்த எங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். யூனிட் உங்கள் வக்கீல் இல்லை. விசாரணையில் உங்களுக்காக அவர்கள் பேசமாட்டார்கள். எதிரில் கம்பெனியின் வக்கீல் இருப்பார். இந்தக் கோளாறு காரின் உபயோகத்தையோ மதிப்பையோ பாதுகாப்பையோ பெரிதாகப் பாதிக்கவில்லை என்றும், நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை என்றும் சொல்லப் பார்ப்பார். ஆயில் மாற்றிய ரசீதுகளைக்கூட வைத்திருக்கவேண்டும். பேசத் தயங்குபவர்கள் வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. ஜெயித்தால் நியாயமான வக்கீல் கட்டணமும் கம்பெனி தலையில்தான்.

எங்கள் விஷயம் விசாரணை வரை போகவில்லை. தேதி குறிக்கப்பட்டதும் கம்பெனி தரப்பிலிருந்து அழைப்பு வந்தது. முதலில், கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு காரை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். என் கணவர் அரை மனதாக இருந்தார். அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றமாட்டேன் என்று நான் சொன்ன பிறகு அவரும் மறுபேச்சுப் பேசவில்லை. முடியாது என்று எழுதியே அனுப்பினோம். சில நாளில் முழுப் பணத்துக்கு இறங்கி வந்தார்கள்.

முழுப் பணம் என்றால் கார் விலையோடு விற்பனை வரி, ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம், லோன் வட்டி எல்லாம் சேரும். அதிலிருந்து நாம் ஓட்டியதற்காக ஒரு கழிவு உண்டு. கார் விலையை, முதன்முதலில் புகார் கொடுத்தபோது இருந்த மைலால் பெருக்கி, 100,000-ஆல் வகுக்கவேண்டும். 40,000 டாலர் காரை 2,000 மைலில் முதல் புகாருக்குக் கொண்டுபோயிருந்தால் 800 டாலர்தான் கழியும். "பார்க்கலாம், தானாகச் சரியாகும்" என்று 15,000 மைல் வரை ஓட்டிவிட்டுப் போனால் 6,000 டாலர். முதல் குலுக்கலிலேயே போய் எழுதி வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். லோன் பாக்கி நேரே பேங்குக்குப் போனது, மீதி எங்களுக்கு. அதுவரை மாதத் தவணையை நிறுத்தவில்லை. கோபத்தில் நிறுத்தினால் பேங்க் காரைத் தூக்கிக்கொண்டு போகும், உங்கள் கிரெடிட்டும் கெடும்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் என் தம்பி, "அக்கா, பதினெட்டு மாதம், 18,000 மைல்தானே?" என்றான். அது அவன் ஊர்ச் சட்டம். அங்கே கழிவுக் கணக்கில் வகுக்கும் எண்ணும் 120,000. 1982-இல் கனெக்டிகட்டில் தொடங்கி ஒவ்வொரு மாநிலமும் தன் தன் விருப்பப்படி இந்தச் சட்டத்தை எழுதிக்கொண்டது. வக்கீல்கள் போடும் வீடியோக்களில் நிறைய கலிஃபோர்னியாக் கதைகள்தான். அந்த எண்களை வைத்துக்கொண்டு இங்கே கணக்குப் போடாதீர்கள்.

என் மதிப்பீடு: யூனிட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, டீலரின் சர்வீஸ் பிரிவுக்கு இரண்டு, கஸ்டமர் கேருக்கு ஒன்று. லீஸ் எடுத்தவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். என்னைப் போல ஹைவேயில் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு வருஷம் ஆவதற்கு முன்பே 24,000 மைல் வந்துவிடும், அதனால் காலண்டரைவிட ஓடோமீட்டரைத்தான் கவனிக்கவேண்டும்.