மேலேயா, கீழேயா? பெங்களூரில் ஸ்கூட்டருக்கு எந்த வழிகாட்டி சரி

பெங்களூரில் இரண்டு சக்கரத்தில் போகிறவருக்கு மேப் சொல்ல வேண்டிய முக்கியமான சேதி ஒன்றுதான். எதிரே வருகிற மேம்பாலத்தில் ஏறணுமா, கீழேயே போகணுமா? இந்திராநகர் நூறடி ரோட்டில் வந்தால் டொம்ளூரில் கோரமங்களாவுக்கு மேலே, பழைய ஏர்போர்ட் ரோட்டுக்குக் கீழே. ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். பொம்மனஹள்ளியில் வேலை இருக்கிறவர் தெரியாமல் ஏறிவிட்டால் சுங்கமும் கட்டி, அவ்வளவு தூரம் திரும்பியும் வரணும். எந்தக் கருவி நல்லது என்பதை இதை வைத்தே பார்க்கலாம்.

ஹேண்டில்பாரில் ஹோல்டர் மாட்டி போனை வைப்பதுதான் எல்லோரும் செய்வது. ஜே.சி. ரோட்டில் போய்க் கேட்டால் விதவிதமாக எடுத்துப் போடுவார்கள். மேலே, கீழே குழப்பத்துக்கு இதுதான் நல்ல பதில். மேப்பிள்ஸ் (Mappls) என்கிற இந்திய மேப் செயலி சந்திப்பையே படமாக வரைந்து காட்டும். கூகுள் மேப்ஸும் 2024-இலிருந்து மேம்பாலம் வருவதை முன்கூட்டியே சொல்கிறது. ஆனால் ஏப்ரல் வெயிலில் போன் சூடேறி, திரை தானாக மங்கிவிடும். மழை வந்தால் துளி விழுந்த இடமெல்லாம் விரல் பட்டதாக நினைத்து மேப் எங்கெங்கோ ஓடும். அப்புறம் அதிர்வு. பைக் எஞ்சினின் பலத்த அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. ஸ்கூட்டரில் அதிர்வு குறைவுதான், இருந்தாலும் அதிர்வு தாங்கும் ஹோல்டராகப் பார்த்து வாங்குங்கள். பழைய போன் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதை மாட்டி, சட்டைப்பையில் இருக்கும் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுப்பது இன்னும் நல்லது.

இரண்டாவது வழி, போனைப் பையில் போட்டுவிட்டு, ஹெல்மெட்டில் மாட்டும் புளூடூத் ஸ்பீக்கரான இன்டர்காமில் குரலை மட்டும் கேட்பது. கண் ரோட்டிலேயே இருக்கும், மழையும் ஒன்றும் செய்யாது. தெரிந்த ஏரியாவில், டிராபிக்குக்கு ஏற்ப வழி மாற்றிக்கொள்ள என் ஓட்டு இதற்குத்தான். ஜெயநகர், மல்லேஸ்வரம் மாதிரி இடங்களில்தான் இது சொதப்பும். "200 மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்" என்று தமிழில் அழகாகச் சொல்லும். அந்த 200 மீட்டருக்குள் மூன்று கிராஸ், அதாவது குறுக்குத் தெரு, வந்துவிடும். எது நம்முடைய கிராஸ்? போனில் இருப்பிடம் பொதுவாக நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் நாம் 10 மீட்டர் போயிருப்போம். மேம்பாலத்துக்கோ மெட்ரோ பாதைக்கோ அடியில் இன்னும் திண்டாட்டம். வானம் தெரியாததால் செயற்கைக்கோள் சிக்னல் கான்கிரீட்டில் பட்டுத் தெறித்து வரும். ஜிபிஎஸ்ஸில் உயரக் கணக்கு எப்போதுமே கொஞ்சம் தள்ளாட்டம்தான் என்பதால், நாம் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று போனுக்கே சந்தேகம் வந்துவிடும்.

வண்டியோடு வருகிற திரை மூன்றாவது. ஏதர் 450 வரிசையில் தொடுதிரையிலேயே கூகுள் மேப் ஓடும் மாடல்கள் உண்டு. வெயில், மழை, திருட்டு எந்தக் கவலையும் இல்லை; வாங்க முடிந்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. டிவிஎஸ் என்டார்க், ராயல் என்ஃபீல்டின் குட்டி வட்ட டிரிப்பர் எல்லாம் வேறு ரகம்: போனிலிருந்து புளூடூத்தில் வாங்கி ஓர் அம்புக்குறியும் தூரமும் காட்டும், அவ்வளவுதான். கிருஷ்ணகிரி, வேலூர் என்று ஊருக்குப் போகும்போது அது தாராளமாகப் போதும். சில்க் போர்டு சந்திப்பில் அந்த அம்பு லேசாக வலது பக்கம் சாய்ந்தால் பாலத்தையா பக்கத்து ரோட்டையா சொல்கிறது என்று யாருக்குத் தெரியும்!

கார்மின் ஜூமோ மாதிரி பைக்குக்கென்றே வரும் தனி ஜிபிஎஸ் கருவி? தண்ணீர் புகாது, கையுறையோடு தொடலாம், வெயிலிலும் பளிச்சென்று தெரியும். லடாக் போகிறவர்கள் வாங்கட்டும். மடிவாளாவுக்கும் மாரத்தஹள்ளிக்கும் அலைய அந்த விலை வேண்டாம்.

எதை வாங்கினாலும் மேப்பில் டூவீலர் பயன்முறையைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். 2017 டிசம்பரிலிருந்தே கூகுளில் இருக்கிறது. கார் என்று விட்டால் மைசூருக்கு எக்ஸ்பிரஸ்வே பிரதான பாதையில் ஏற்றிவிடும். அங்கே 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குக்குத் தடை, சர்வீஸ் ரோடுதான்.

தருமபுரிப் பக்கமிருந்து வந்து டெலிவரி ஓட்டும் தம்பிகளுக்கு மட்டும், குரலை மட்டும் கேட்கும் வழிக்கு நான் போட்ட ஓட்டு செல்லாது. ஆர்டருக்கு ஆர்டர் புது முகவரி, புது கிராஸ். அவர்களுக்கு ஹோல்டரும் பழைய போனும்தான் சரி, கூடவே மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை.