மான்டரே அக்வேரியம்: ஆழத்து ஜெல்லிகளுக்காகவே போகலாம்

கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள் நான். எங்கள் ஆய்வகத்து ஜெல்லி மீன், ஃபார்மலின் பாட்டிலில் வெளுத்துக் கிடக்கும். எந்த ஆழத்தில் வாழ்ந்தது என்று யாரும் கேட்டதில்லை. கலிபோர்னியாவின் மான்டரே பே அக்வேரியத்தில் 2022 ஏப்ரலில் திறந்த ‘இன்டு த டீப்’ கூடம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது.

நேராக அங்கே போய்விடாதீர்கள். முதலில் ‘ஓப்பன் சீ’ பகுதியில் சீ நெட்டில் ஜெல்லிகளைப் பாருங்கள். வெளிச்சம் எட்டும் மேல்நீரில் வாழ்பவை. அப்புறம் ஆழ்கடல் கூடத்துக்குள் நுழையுங்கள்.

அங்கே நான் நகராமல் நின்ற தொட்டி, வயிறு எப்போதும் ரத்தச் சிவப்பாக இருக்கும் சீப்பு ஜெல்லியுடையது. வாழ்வது சுமார் 300 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில். சிவப்பு ஒளி அவ்வளவு தூரம் இறங்காது. ஆகவே அங்கே சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான். இது விழுங்கும் இரை வயிற்றுக்குள் ஒளிர்ந்தாலும் வெளியே தெரியாமல் அந்தச் சிவப்பு மறைத்துவிடும். உடலோரம் ஓடும் வானவில் நிறங்கள் அது உமிழும் ஒளி அல்ல, சீப்புப் பற்கள் போல வரிசையாக இருக்கும் நுண்மயிர்களில் பட்டுச் சிதறும் விளக்கொளி. மான்டரே வளைகுடாவில் 600, 700 மீட்டர் வாக்கில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதனால் தொட்டி நீரையும் குளிரவைத்து, ஆக்சிஜனைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள். இந்த உழைப்புக்கே கைதட்டலாம்.

வலையில் இழுத்தால் இவற்றில் பல கிழிந்து கூழாகிவிடும். கேமரா பொருத்திய ஆளில்லா நீர்மூழ்கிகள் இறங்கிய பிறகுதான் ஆழத்தில் எவ்வளவு ஜெல்லிகள் இருக்கின்றன என்பதே புரிந்தது. அக்வேரியத்தின் சகோதர நிறுவனமான எம்பாரி (MBARI) என்ற கடலாய்வு நிறுவனம் எடுத்த படங்களை அவசியம் பாருங்கள். நானோமியா என்ற சங்கிலி போன்ற உயிரி பகலில் சில நூறு மீட்டர் கீழே இருந்து, இரவில் மேலேறுகிறது. ராட்சத லார்வேசியன் என்ற தலைப்பிரட்டை போன்ற உயிரி சளியாலேயே ஒரு மீட்டர் அகல வீடு கட்டி உணவை வடிகட்டும். வீடு அடைத்துக்கொண்டால் கழற்றிவிட்டுப் புதிது கட்டும். கைவிட்ட வீடு கார்பனைச் சுமந்துகொண்டு கடலடிக்குப் போகிறது. என் மாணவர்களுக்கு இதை நடத்தியிருக்க வேண்டுமே என்று மனம் அடித்துக்கொண்டது.

கடலடிப் பகுதியில் நண்டுகளும் இருக்கின்றன, அழகுதான்.

நேரில் போக முடியாதவர்களுக்கு அக்வேரியத்தின் ஜெல்லி கேமரா இணையத்தில் இலவசம். அதில் தெரிவது மேல்நீர் ஜெல்லிகள் மட்டும். ஆழத்துக்கு எம்பாரியின் யூடியூப் சேனலுக்குப் போங்கள்.