கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலை கடை, டயட்காரங்களுக்கு ஓகேவா?

டயட்ல இருந்தா வாழையிலை சாப்பாட்டை மறந்துடணும்னு யாரு சொன்னா? மலேசிய சுகாதார அமைச்சு சொல்ற "சுகு சுகு செபாரு" (கால், கால், பாதி) கணக்கு தெரியும்ல, தட்டுல கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, மீதி பாதி காய்கறி பழம், அதை இந்த கடையில இலையிலயே போட்டுக்கலாம், "அக்கா சோறு ஒரு கரண்டி போதும், காய் நெறைய வைங்க"ன்னா மூஞ்சிய சுழிக்காம கீரை, முட்டைக்கோஸ், பீர்க்கங்காய் கூட்டுன்னு மறுபடி மறுபடி வைக்கிறாங்க. தனி காசு கிடையாது. கீரை பொரியல்தான் டாப்பு, தேங்காய்ப்பூ கம்மி, பூண்டு தூக்கல், பச்சை நிறம்கூட மாறல.

மீன்தான் பிரச்சினை, எல்லாமே எண்ணெயில பொரிச்சது, குழம்பு மீன் வேணும்னா 12.30க்குள்ள போயிடணும். அப்பளத்தை வேற கண்ணு முன்னாடியே கொண்டாந்து வைக்கிறாங்க, அதான் சோதனை லா! குடிக்க தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி) கேளுங்க, தே தாரிக் (ஆத்தின பால் டீ) கொராங் மானிஸ், அதாவது இனிப்பு கம்மின்னு சொன்னாலும் அடியில கண்டென்ஸ்ட் மில்க் கெட்டியா நிக்குது.

சைவ செட் 11 வெள்ளி (ரிங்கிட்), ரசத்தோட வயிறு ரொம்பிடும். ஞாயிறு மத்தியானம் மட்டும் போகாதீங்க, கூட்டத்துல காய் தீந்துபோயி வெறும் சோத்தையே தள்ளி விடுறாங்க.