தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்க்கையை யாரிடம் கேட்பது? அன்னாவிடமா, ஃபிராங்கிடமா?

'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' ஆகியவற்றை எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் முடித்தவர்களும், 'வெண்ணிற இரவுகள்' கதையை ரா. கிருஷ்ணையாவின் தமிழில் திரும்பத் திரும்பப் படித்தவர்களும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். இதையெல்லாம் எழுதிய மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள எந்தப் புத்தகத்தை எடுப்பது? தஸ்தயேவ்ஸ்கிக்கு வாழ்க்கை வரலாறுகள் ஏராளம். எல்லாவற்றையும் படிக்க ஆயுள் போதாது. என் பார்வையில் உண்மையான போட்டி இரண்டு பேருக்கு இடையில்தான். ஒருவர் அவருடைய மனைவி அன்னா கிரிகோரியெவ்னா. இன்னொருவர் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஃபிராங்க்.

அன்னா 1846இல் பிறந்தவர். சுருக்கெழுத்துக் கற்ற மாணவியாக 1866 அக்டோபர் 4ஆம் தேதி தஸ்தயேவ்ஸ்கியின் வீட்டுக்குள் நுழைந்தார். அந்த நவம்பர் 1க்குள் ஒரு புதிய நாவலைக் கொடுக்காவிட்டால், அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதையெல்லாம் காசு கொடுக்காமல் வெளியிடும் உரிமை ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளருக்குப் போய்விடும் என்பது ஒப்பந்தம். 26 நாட்களில் 'சூதாடி' முடிந்தது. கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கப் போனால் பதிப்பாளர் ஊரில் இல்லை. காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பிப்ரவரியில் திருமணம். கணவர் 1881இல் இறந்தபின் அன்னா மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1911இலிருந்து 1916 வரை எழுதிய நினைவுகளை அச்சில் பார்க்காமலே 1918இல் யால்டாவில் இறந்தார். 1925இல் லியோனித் கிராஸ்மன் அவற்றைப் பதிப்பித்தார். ஆங்கிலத்தில் பியாட்ரிஸ் ஸ்டில்மனின் மொழிபெயர்ப்பு இருக்கிறது.

ஃபிராங்கின் கதை வேறு. 1950களில் இருத்தலியல் பற்றிப் பேசப் போன இடத்தில் தஸ்தயேவ்ஸ்கியின் 'நிலவறைக் குறிப்புகள்' அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்காகவே ருஷ்ய மொழி கற்றார். 1976இல் முதல் தொகுதி, 2002இல் ஐந்தாம் தொகுதி. மொத்தம் ஏறக்குறைய 2,500 பக்கங்கள். 2009இல் மேரி பெட்ருசெவிச் அவற்றைச் சுருக்கி ஒரே தொகுதியாக்கினார். அதுவும் ஆயிரம் பக்கத்தை நெருங்கும். வாழ்க்கையிலிருந்து படைப்புக்குப் போவதல்ல, படைப்பிலிருந்து வாழ்க்கைக்குப் போவதே தன் வழி என்று ஃபிராங்க் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். கடைசிப் பக்கம் வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றியும் இருக்கிறார்.

இருவரையும் பொதுவாக எடைபோடுவதைவிட, ஒரே சம்பவத்தை இருவரும் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நியாயமான சோதனை. எந்தப் பக்கத்தை மூடியதும் கை தானாக நாவலைத் தேடுகிறதோ, அதுவே எனக்கு நல்ல வாழ்க்கை வரலாறு.

முதலில் சூதாட்டம். 1867 கோடையில் பாடன்-பாடன் நகரில் இருவரும் கையில் காசில்லாமல் தங்கியிருந்தார்கள். அன்னா கருவுற்றிருந்தார். திருமணப் பரிசாகக் கணவர் கொடுத்த ப்ரூச்சும் தோடும் அடகுக்குப் போயின. பிறகு துணிமணிகளும் போயின. நினைவுகள் நூலில் அன்னா இதைப் பொறுமையோடு சொல்கிறார். இது மனபலவீனம் அல்ல, ஒரு நோய் என்று சீக்கிரமே புரிந்துகொண்டதாக எழுதுகிறார். அறுபதைக் கடந்த ஒரு விதவை, தன் கணவரின் பெயரைக் காக்கும் அக்கறையோடு எழுதிய பக்கங்கள் அவை. அதே நாட்களில், 20 வயதில், அவர் ஒரு நாட்குறிப்பும் எழுதினார். கணவரால் வாசிக்க முடியாத சுருக்கெழுத்தில் இருந்தது அது. அதில் கோபம் இருக்கிறது, சலிப்பு இருக்கிறது, வீட்டுக்காரியின் முன் கூனிக்குறுகிய அவமானம் இருக்கிறது, பழைய காதலியிடமிருந்து வந்த கடிதத்தை ரகசியமாகப் படித்துவிட்ட பதற்றம் இருக்கிறது. முதுமையில் அன்னா தாமே இதில் ஒரு பகுதியைப் பெயர்த்து எழுதியபோது பல இடங்களை மென்மையாக்கினார். சோவியத் காலத்தில் பொஷெமான்ஸ்காயா என்ற சுருக்கெழுத்தாளர் மூலத்தைப் பொறுமையாக வாசித்து எடுத்த பிறகுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெளியே தெரிந்தது. அதனால் அன்னாவின் நினைவுகளைப் படிப்பவர்கள் இந்த நாட்குறிப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பேன். இரண்டும் சேர்ந்தால்தான் முழு அன்னா.

சூதாட்டம் முடிந்த கதையையும் பாருங்கள். 1871 வசந்தத்தில் 'பேய்கள்' நாவல் நகராமல் தஸ்தயேவ்ஸ்கி தவித்துக்கொண்டிருந்தார். கையிருப்பு அன்றைய ஜெர்மன் நாணயத்தில் 300 தாலர். அதில் 100 போனாலும் பரவாயில்லை என்று கணக்குப் போட்டு, தோற்றுத்தான் வருவார் என்று தெரிந்தே, ரூலெட் ஆடிவிட்டு வரும்படி அன்னாவே அவரை வீஸ்பாடனுக்கு அனுப்பினார். இதை அவர் சொல்லும் விதத்தில் அந்தப் பெண்ணின் அறிவும் துணிவும் அப்படியே தெரிகின்றன. வேறு எந்த வரலாற்றாசிரியராலும் அந்தத் தொனியைக் கொண்டுவர முடியாது. ஃபிராங்க் எடுத்துக்கொள்வது அங்கிருந்து தஸ்தயேவ்ஸ்கி எழுதிய கடிதத்தை. எல்லாவற்றையும் தோற்றுவிட்டு, இருட்டில் ருஷ்யப் பாதிரியாரைத் தேடி ஓடுகிறார். ருஷ்ய ஆலயம் என்று நினைத்துப் போய் நின்றால் அது யூதர்களின் வழிபாட்டுக்கூடம். தலையில் குளிர்ந்த நீரைக் கொட்டியதுபோல இருந்தது என்று எழுதுகிறார். ஏறக்குறைய பத்தாண்டுகளாகத் தன்னை வதைத்த அந்த வெறி ஒழிந்துவிட்டது என்று மனைவிக்குச் சத்தியம் செய்கிறார். அதன்பின் அவர் ரூலெட் மேசைக்குப் போகவில்லை. சகுனங்களை நம்பிய அந்த மனதுக்குள் அந்த இரவு என்ன செய்திருக்கும் என்று ஃபிராங்க் நின்று யோசிக்கிறார். இந்தச் சுற்றில் இருவரும் சமம்.

இரண்டாவது சம்பவம் அல்யோஷாவின் மரணம். எனக்கு மிக முக்கியமானது இதுதான். 1878 மே 16ஆம் தேதி, வயது மூன்றுகூட நிரம்பாத கடைசி மகன் வலிப்பு வந்து இறந்தான். மருத்துவரை வழியனுப்பிவிட்டு வெளுத்த முகத்தோடு திரும்பிய கணவர், குழந்தை படுத்திருந்த சோபாவின் அருகில் மண்டியிட்டார் என்று எழுதுகிறார் அன்னா. அவரும் பக்கத்தில் மண்டியிட்டார். மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்க வாயெடுத்தபோது, பேசாதே என்று கணவர் சைகை காட்டினார். கடைசி மூச்சுக்கள் தொடங்கிவிட்டன என்பதுதான் மருத்துவர் சொல்லிவிட்டுப் போனது. அன்னாவுக்கு அது தெரியாது. மூச்சு குறைந்துகொண்டே வந்ததை அவரே கண்ணால் பார்த்தார். இந்தப் பக்கத்தில் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை.

அடுத்த மாதம், மனைவியின் வேண்டுகோளின்படி இளம் தத்துவவாதி விளாதிமிர் சொலொவியோவ் தஸ்தயேவ்ஸ்கியை ஒப்தினா மடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அம்வ்ரோசி என்ற முதிய துறவி, துயரத்தில் இருக்கும் தாய்க்குச் சொல்லும்படி சில வார்த்தைகளைக் கொடுத்தனுப்பினார். 'கரமாசவ் சகோதரர்கள்' முதல் பகுதியின் இரண்டாம் புத்தகத்தில், ஸோசிமா என்ற துறவியின் முன் வந்து அழும் விவசாயப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இறந்த மகனின் சின்ன இடுப்புவாரை மார்புக்குள்ளிருந்து எடுத்துக் காட்டுகிறாளே, அவள்தான். மகனுக்கு எத்தனை வயது? மூன்று ஆக மூன்று மாதம் குறை என்கிறாள். பெயர்? அலெக்ஸேய். 1875 ஆகஸ்டில் பிறந்து 1878 மே மாதம் இறந்த அல்யோஷாவின் வயதைக் கணக்கிட்டால் அதேதான் வருகிறது. தன் துயரமும் தன் புலம்பலும்தான் அந்த அத்தியாயத்தில் இருக்கின்றன என்று அன்னாவே சொல்கிறார். அழாதே என்று சொல்லாமல், அழு, ஆனால் உன் மகன் தேவதூதர்களோடு இருக்கிறான் என்பதை ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள் என்று ஸோசிமா சொல்வது, ஒப்தினாவிலிருந்து வந்த ஆறுதல்.

ஃபிராங்க் இதே மரணத்தை இன்னொரு வாசல் வழியாகவும் தொடுகிறார். தந்தை கொல்லப்பட்டார் என்ற செய்தி வந்தபோதுதான் தஸ்தயேவ்ஸ்கிக்கு வலிப்பு தொடங்கியது, அது உடல்நோய் அல்ல, தந்தையின் சாவை ரகசியமாக விரும்பிய குற்ற உணர்வின் வெளிப்பாடு என்ற பொருளில் 1928இல் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட் ஒரு கட்டுரை எழுதினார். உலகம் முழுக்க அது பரவியது. இன்றும் பலர் அதை உண்மையென்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஃபிராங்க் தன் முதல் தொகுதியின் பின்னிணைப்பில் ஃபிராய்டின் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கிறார். 1839இல், தந்தை இறந்த சமயத்தில், வலிப்பு வந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை. நோய் தெளிவாகப் பதிவாவது சைபீரிய ஆண்டுகளில். மகனே வலிப்பில் இறந்தான் என்றால் அது பரம்பரையாக வந்த உடல்நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்தப் பின்னிணைப்பு ஒன்றுக்காகவே முதல் தொகுதியை வாங்கலாம். ஆனால் நாவலின் அந்தத் தாயிடம் என்னை மறுபடி கொண்டுபோய் நிறுத்துபவர் அன்னாதான்.

மூன்றாவது, கடைசி நாட்கள். இங்கே அன்னா பின்தங்கிவிடுகிறார். 1881 ஜனவரி 25ஆம் தேதி இரவு பேனாக்கட்டை உருண்டு புத்தக அலமாரிக்கு அடியில் போய்விட்டது, அதை எடுக்கக் கனமான மேசைநாற்காலிகளை நகர்த்தியதில் இரத்தம் வந்தது என்கிறார். மகள் லியுபோவ் சொல்வது வேறு: மறுநாள் அத்தை வேரா வந்து சொத்துப் பங்கு பற்றிச் சண்டையிட்டதால்தான் நிலைமை மோசமானது. இந்த அத்தை அன்னாவின் நூலில் அந்த நாளில் வரவே இல்லை. ஒரு வருகையாளரோடு சூடான வாக்குவாதம் நடந்தது என்று மட்டும் இருக்கிறது. ருஷ்ய ஆய்வாளர் இகோர் வோல்கின், தஸ்தயேவ்ஸ்கியின் இறுதி ஆண்டைப் பற்றிய தன் நூலில் மூன்றாவது ஒரு செய்தியையும் கொண்டுவருகிறார். குஸ்னெச்னி சந்தில் அவர்கள் வசித்த அதே கட்டடத்தில், அடுத்த வீட்டில், ஜார் மன்னரைக் கொல்லத் திட்டமிட்ட நரோத்னயா வோல்யா அமைப்பின் பாரன்னிகோவ் குடியிருந்தார். சரியாக அந்த நாட்களில்தான் அவர் கைதாகி, வீடு சோதனையிடப்பட்டது. 'பேய்கள்' எழுதியவரின் சுவருக்கு அப்பால் நிஜமான புரட்சியாளர்! குடும்பப் பெயரைக் காக்க அன்னா விட்டுவிட்ட இடங்களை ஆய்வாளர்கள்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அன்னா இப்படிக் காவல் நின்றதற்குக் காரணம் உண்டு. 1883இல் வெளிவந்த முதல் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதியவர்களில் ஒருவர் நிகொலாய் ஸ்ட்ராகவ், குடும்ப நண்பர். அதே ஆண்டு நவம்பரில் அவர் தல்ஸ்தோய்க்கு எழுதிய கடிதத்தில், அந்த நூலை எழுதும்போது தனக்குள் எழுந்த அருவருப்போடு போராட வேண்டியிருந்தது என்று சொல்லி, தஸ்தயேவ்ஸ்கியின் மீது மிக மோசமான பழியையும் சுமத்தினார். கடிதம் 1913இல் அச்சானது. தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர் என்ன எழுதியிருக்கிறார் என்று முதுமையில் படித்த அன்னா, தன் நூலிலேயே அதற்குப் பதில் எழுதினார். அந்தப் பதிலில் இருக்கும் ஆவேசத்தைப் படித்தால், அவர் மறைத்தவற்றைக் கூட மன்னிக்கத் தோன்றும்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. ஈ.எச். கார் 1931இல் எழுதியது தெளிவான, உணர்ச்சிவசப்படாத நூல். ஆனால் நாவல்களுக்குள் இருக்கும் நெருப்பு அவரைச் சுடவில்லை. கான்ஸ்டன்டின் மொச்சூல்ஸ்கி பாரிஸில் புலம்பெயர்ந்து வாழ்ந்தவர். 1947இல் வெளிவந்த அவருடைய நூல் ஒவ்வொரு படைப்பையும் ஆழமாகப் பார்க்கிறது, ஆர்த்தடாக்ஸ் நம்பிக்கையின் கண்ணால். ஃபிராங்கின் நீளம் பயமுறுத்தினால் மொச்சூல்ஸ்கியைத் தாராளமாக எடுக்கலாம். ஆன்ரி த்ரொயா விறுவிறுப்பாக எழுதுவார், ஆனால் அது நாவலாசிரியரின் விறுவிறுப்பு. மகள் லியுபோவின் 1920 நூலில் வம்சப் பெருமை அதிகம். தந்தை இறக்கும்போது அவருக்கு 11 வயதுதான் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். 2021இல் வந்த அலெக்ஸ் கிறிஸ்டோஃபியின் நூல், தஸ்தயேவ்ஸ்கியின் சொந்த வரிகளையே கோத்து வாழ்க்கையைச் சொல்கிறது. அழகான முயற்சிதான். ஆனால் கதைமாந்தரின் குரலை ஆசிரியரின் குரலாக எடுத்துக்கொள்ளும் இடங்களில் எனக்குத் தயக்கம் உண்டு.

புனைவில் அவரைச் சந்திக்க விரும்புகிறவர்களுக்கு, அன்னாவின் நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டு மருத்துவரான லியோனித் சிப்கின் எழுதிய 'பாடன்-பாடனில் கோடை' இருக்கிறது. மூச்சுவிடாத நீள வாக்கியங்களில், சூதாட்டக் காய்ச்சல் வாசகருக்கும் தொற்றிக்கொள்ளும். தென்னாப்பிரிக்க நாவலாசிரியர் கூட்ஸியின் 'பீட்டர்ஸ்பர்க் நாயகன்' அதைவிடப் புகழ்பெற்றது. அதில் வளர்ப்பு மகன் பாவெல் இறந்துவிடுகிறான். உண்மையில் பாவெல் தஸ்தயேவ்ஸ்கிக்குப் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்.

ஒன்றே ஒன்று என்றால் அன்னாவின் நினைவுகள். எனக்கு இதில் தயக்கமே இல்லை. அடுத்ததாக ஃபிராங்க், அதிலும் ஐந்து தொகுதிப் பதிப்பு. சுருக்கப் பதிப்பில் கதை ஓடுகிறது, ஆனால் அன்றைய பத்திரிகைச் சண்டைகளும் நாவல்களைப் பற்றிய நீண்ட அலசல்களும் மெலிந்துவிட்டன. ஃபிராங்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஐந்தையும் வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1865 முதல் 1871 வரை சொல்லும் நான்காம் தொகுதியிலிருந்து தொடங்குங்கள். குற்றமும் தண்டனையும், சூதாடி, அசடன், பேய்கள் எல்லாம் பிறந்த ஆண்டுகள் அவை. பக்கத்திலேயே அன்னாவின் நாட்குறிப்பையும் வைத்துக்கொண்டால் ஒரே வாரத்தை இரண்டு பேரிடமிருந்தும் கேட்கலாம். ஐந்தாம் தொகுதியை மட்டும், கரமாசவ் சகோதரர்களை இன்னும் முடிக்காதவர்கள் தள்ளி வையுங்கள். அந்த நாவலைப் பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டு ஃபிராங்க் விரிவாகப் பேசுகிறார். கொலை செய்தவன் யார் என்பதை நாவலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.