இணையத்தில் எடிட்டிங், வி.எஃப்.எக்ஸ். கற்பது: பல வருடப் பழக்கமும் தீராத ஓர் எரிச்சலும்

தேவகோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, தம்பி எடிட்டிங்கும் சி.ஜி.யும் கத்துக்கணும்ங்கிறான். காசு கட்டி ஆன்லைன் கோர்ஸ்ல சேத்து விடவா, இல்ல யூடியூப்பே போதுமா?" சி.ஜி. என்று அவர் சொல்வது வி.எஃப்.எக்ஸைத்தான், எடுத்த படத்தில் கணினியால் பொருட்களைச் சேர்ப்பதும் அழிப்பதும். போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. காரைக்குடியில் உட்கார்ந்தபடியே இந்தத் தொழிலை முழுக்க இணையத்தில் கற்றவன் என்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், அது நிறையவே இருக்கிறது. என் முதல் ஓட்டு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளுக்காக பிளாக்மேஜிக் நிறுவனமே தன் தளத்தில் போட்டு வைத்திருக்கும் பயிற்சிப் புத்தகங்களுக்கு. எடிட்டிங்குக்கு ஒன்று, கலருக்கு ஒன்று, அதன் எஃபெக்ட்ஸ் பகுதியான ஃபியூஷனுக்கு ஒன்று, சவுண்டுக்கு ஒன்று. எல்லாம் பிடிஎஃப், எல்லாம் இலவசம், கூடவே செய்து பார்க்க ஃபுட்டேஜும், அதாவது எடுத்த மூல வீடியோவும், தருகிறார்கள். வீடியோ பாடம் என்றால் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டு அவர் எந்தப் பொத்தானை அமுக்கினார் என்று தேட வேண்டும். புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும். கரண்ட் போனாலும் போனில் படிக்கலாம். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இந்தப் புத்தகங்கள்தான். யூடியூப் பக்கம் மட்டுமே போகிறவர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

ஜே கட் என்ன என்பது எனக்குப் பிடிபட்டதும் இப்படித்தான். அடுத்த காட்சியின் சத்தம் முதலில் வரும், படம் பிறகு வரும். பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும் அறையில் இருக்கும்போதே முகப்பில் வாசிக்கும் நாதஸ்வரம் லேசாகக் கேட்க ஆரம்பிக்க வேண்டும். அறைக்குள் இருப்பவர்கள் ஒருமுறை தலை தூக்கிப் பார்க்க, அதன் பிறகு முகப்புக்கு வெட்டினால் கல்யாணம் தானாகவே நகரும். இதைக் கற்றபின், ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே ஒட்டும் டிரான்சிஷன் எஃபெக்ட் எதையும் நான் தொடுவதில்லை. தமிழில் வரும் எடிட்டிங் பாடங்களில் முக்கால்வாசி அந்த டிரான்சிஷன்களையும் ரெடிமேட் டெம்ப்ளேட்டுகளையும்தான் சொல்லித் தருகின்றன என்பது வருத்தம். எங்கே வெட்டுவது, ஏன் வெட்டுவது என்று பேசுகிறவர்கள் குறைவு.

அதைப் பேசியவர்கள் டோனி ஜோ, டெய்லர் ராமோஸ் இருவரும். 2014-ல் அவர்கள் தொடங்கிய எவ்ரி ஃப்ரேம் எ பெயின்டிங் சேனலில் எடிட்டர் எப்படி யோசிக்கிறார் என்று ஒரு வீடியோ உண்டு. ஓர் உணர்ச்சி முகத்தில் வந்து அடங்க எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதைப் பார்த்தபின் நான் எடிட் செய்த முதல் கல்யாணத்தில், திருப்பூட்டு, அதாவது தாலி கட்டு, முடிந்ததும் பெண்ணின் அப்பத்தா முகத்தை வெட்டாமல் அப்படியே விட்டேன். பாட்டு இல்லை, ஸ்லோமோஷன் இல்லை. அந்த வீட்டார் இன்னும் அந்த ஒரு ஷாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இந்த அளவுக்குச் சொல்லித்தந்த ஓர் இடத்துக்கு நான் ஒரு பைசா கொடுத்ததில்லை.

வி.எஃப்.எக்ஸ். பக்கமும் குறைவில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளுக்கு வீடியோ கோபைலட் தளத்தில் ஆண்ட்ரூ கிரேமர் நடத்தியவை இன்றும் பார்க்கத் தகுந்த பாடங்கள். பல படங்களை ஒரே ஷாட்டாகச் சேர்க்கும் நியூக் மென்பொருளைக் கற்க இலவசப் பதிப்பு உண்டு, 1080 அளவுக்கு மேல் ரெண்டர் ஆகாது, காசு வாங்கும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். இலவச 3டி மென்பொருளான பிளெண்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019-ல் அதன் 2.8 பதிப்பு வந்தபோது வலது கிளிக்கில் தேர்ந்தெடுப்பது இடது கிளிக்குக்கு மாறி, பழைய பாடங்கள் பாதி பேருக்குப் புரியாமல் போயின. பதிப்பு மாறினால் இப்படி ஆகும்தான். அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை.

கோபம் வருவது வேறு ஒன்றுக்கு. எந்தப் பாடத்திலும் ஃபுட்டேஜ் கெட்டுப்போயிருப்பதில்லை. பச்சைத் திரை சுருக்கமில்லாமல் இருக்கும், வெளிச்சம் ஒரே சீராக விழும், படத்தில் நகரும் புள்ளியைப் பின்தொடரும் ட்ராக்கர் ஒரே ஓட்டத்தில் கடைசி ஃப்ரேம் வரை போய் நிற்கும். "பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஒரு நகரத்தார் வீட்டுக் கல்யாணம். முகப்பிலிருந்து வளவுக்குள், அதாவது நடு முற்றத்துக்குள், போகும் நீண்ட கிம்பல் ஷாட், கேமரா ஆடாமல் நடந்துகொண்டே எடுப்பது. ஓரத்தில் ஒரு ஸ்டாண்டு ஃபேன் நிற்கிறது, அதை எடுத்துவிடச் சொன்னார்கள். பாடத்தின்படி இது சின்ன வேலை. தரையை ட்ராக் செய்ய வேண்டும், ஒரு ஃப்ரேமில் ஃபேன் இல்லாத தரையைத் தயாரித்துக்கொள்ள வேண்டும், அதைத்தான் கிளீன் பிளேட் என்கிறோம், பிறகு அதை ட்ராக்கில் ஒட்டிவிட வேண்டும். அவர்கள் காட்டும் தரை தார் ரோடு. இங்கே இருப்பது ஆத்தங்குடி டைல்ஸ், ஒரே பூ, ஒரே அளவு, வரிசை வரிசையாக. ட்ராக்கர் செய்வதெல்லாம், நாம் குறித்துக்கொடுத்த சின்னச் சதுரத்தைப் போலவே இருக்கும் இடத்தை அடுத்த ஃப்ரேமில் தேடுவதுதான். தேடும் எல்லைக்குள் அதே பூ நாலு இருந்தால் எது நம்முடையது என்று அதற்கு எப்படித் தெரியும்? கேமரா கொஞ்சம் வேகமாகத் திரும்பியதும் பக்கத்து டைலுக்குத் தாவிவிடும்.

அதோடு விடவில்லை. தலைமுறை தலைமுறையாகத் துடைத்துத் துடைத்து அந்தத் தரை பளபளக்கிறது. தூண்களும், வளவுக்கு மேலே தெரியும் வானமும் அதில் விழுகின்றன. பிம்பம் தரையோடு சேர்ந்து நகர்வதில்லை, தரைக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் பொருளைப் போல வேறு கதியில் நகரும். அதன் மேல் விழுந்த ட்ராக் புள்ளிகளை மென்பொருள் நிஜமாகவே தரைக்குக் கீழே கொண்டுபோய் வைக்கும். அப்புறம், ஃபேனை அழித்த பிறகும் தரையில் அதன் நிழலுருவம் நின்றுகொண்டிருக்கும். அதையும் தனியாக அழிக்க வேண்டும்.

வழி கிடைத்தது பிளெண்டரின் கையேட்டில், ட்ராக்கரின் பேட்டர்ன் (நாம் குறிக்கும் சதுரம்), சர்ச் (தேடும் எல்லை) ஆகிய இரண்டு கட்டங்களையும் விளக்கும் பகுதியில். சர்ச் கட்டத்தைச் சுருக்கினேன். பூவை விட்டுவிட்டு, மூலை உடைந்த ஒரு டைல், தூணின் கல் அடி, நிலைக்கதவின் செதுக்கல் என்று அந்த வீட்டில் ஒன்றே ஒன்றாக இருப்பவற்றை மட்டும் பிடித்தேன். ஆட்கள் நடக்கும் பகுதியை மாஸ்க் போட்டு விலக்கினேன். கேமராவின் நகர்வைக் கணக்கிட குறைந்தது எட்டுப் புள்ளிகள் வேண்டும், சிலவற்றை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையால் நகர்த்தினேன். அந்தக் கணக்கின் பிழையளவான சால்வ் எரர் ஒரு பிக்சலுக்குக் கீழே வந்த பிறகுதான் ஒட்டிய தரை வழுக்காமல் நின்றது. இதை யாராவது ஒரு பாடத்தில் காட்டியிருந்தால் அந்த வாரம் தூங்கியிருப்பேன்.

காசு கட்டிய வகுப்பும் ஒன்று பார்த்தேன். சந்தேகத்துக்கு ஆள் இருப்பார் என்றுதான் கட்டினேன். பதிவு செய்த வீடியோக்கள், ஒரு வாட்ஸ்அப் குழு, அவ்வளவுதான். இந்த ஷாட்டை அனுப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: "ரீஷூட் பண்ணச் சொல்லுங்க." தாலி கட்டி முடிந்த கல்யாணத்தை யார் ரீஷூட் செய்வது?

ஏவி.எம். ஸ்டுடியோ முதலில் எங்கள் காரைக்குடியின் தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். ஸ்டுடியோ கோடம்பாக்கம் போனபின், எடிட்டிங் கற்க நினைத்தவன் மெட்ராஸ் போய் ஓர் எடிட்டரிடம் உதவியாளராகச் சேர வேண்டியிருந்தது. கஷ்டமான வழி. ஆனால் அந்த அறையில் அவன் கைக்கு என்.ஜி. ஷாட்டெல்லாம், அதாவது சரியில்லை என்று ஒதுக்கியதெல்லாம், வந்தது. ஃபோகஸ் போனது, ஷாட்டுக்கு ஷாட் ஒத்துப்போகாமல் கன்டினியூட்டி தப்பியது, நடிகர் வசனம் மறந்தது, அத்தனையையும் வைத்துக்கொண்டு எடிட்டர் எப்படிக் காட்சியைத் தேற்றுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தான். இணையம் எங்களுக்கு ஓகே டேக்குகளை மட்டும் காட்டுகிறது.

இந்தக் குறைக்கு ஓரளவு பதில் தருவது, 2012-ல் பிளெண்டர் அமைப்பு எடுத்த 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' குறும்படத்தின் மூல ஃபுட்டேஜ். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பழகலாம் என்று திறந்து விட்டிருக்கிறார்கள். அதுவும் தேர்ந்த குழு நல்ல கேமராவில் எடுத்ததுதான், ஆனாலும் நிஜப் படம் ஒன்றின் ஷாட்டுகள்.

சரி, பதில். எடிட்டிங்குக்கு இலவசமே போதும், தாராளமாகப் போதும். வி.எஃப்.எக்ஸுக்கு, மேலே அத்தனை புகழ்ந்தபின்னும், தனியாக இணையத்தை நம்பி இறங்கச் சொல்ல எனக்கு இன்று மனம் வரவில்லை. என் வருமானத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது என்பது தெரிந்தே சொல்கிறேன். தம்பி ஏதாவது ஒரு ஸ்டுடியோவில், சம்பளம் குறைவானாலும், ரோட்டோ வேலைக்காவது, அதாவது ஃப்ரேம் ஃப்ரேமாக உருவங்களை வரைந்து பிரிக்கும் வேலைக்காவது, சேரட்டும்.

என் பங்குக்கு ஒன்று செய்யப்போகிறேன். கானாடுகாத்தானில் தெரிந்த வீட்டுக்காரர் ஒருவர் அனுமதி தந்திருக்கிறார். வளவில் அதே மாதிரி ஷாட்டுகளை எடுத்து வைப்பேன், ஃபேன் நிற்கும்போது ஒன்று, அதை எடுத்துவிட்டு ஒன்று. செய்தவர்கள் தங்கள் வேலையை இரண்டாவதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேண்டியவர்கள் ஹார்ட் டிஸ்க்கோடு காரைக்குடிக்கு வாருங்கள், காப்பி போட்டுத் தருகிறேன்.