வேப்பெண்ணெயா, வேப்பங்கொட்டையா, வெறும் தண்ணீரா?

மாடித்தோட்டம் வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் மூன்றாவது நிமிடமே பேச்சு பூச்சியில் வந்து நிற்கும். "வேப்பெண்ணெய் அடிங்க" என்பார் ஒருவர். "அதெல்லாம் கேக்காதுங்க, இஞ்சி பூண்டுக் கரைசல்தான்" என்பார் மற்றவர். திருச்சியில் எங்கள் மொட்டைமாடியில் கத்தரி, வெண்டை, மிளகாய், அவரை, நாலைந்து வகைக் கீரை என்று 35 பைகள் இருக்கின்றன. எல்லா வழிகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாயிற்று. எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தச் செடியில் எந்தப் பூச்சி என்று இலையைத் திருப்பிப் பார்த்த பிறகுதான், கையில் எதை எடுப்பது என்பதே தெரியும்.

முதலில் வேப்பெண்ணெய். கடையில் வாங்கிய கையோடு கலக்கி அடித்துவிடலாம் என்பதுதான் இதில் உள்ள பெரிய வசதி. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், அவ்வளவுதான். ஆனால் கலக்கும் வரிசையில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். தண்ணீரில் எண்ணெயை ஊற்றிவிட்டுப் பிறகு சோப்பைச் சேர்த்தால் எண்ணெய் மேலே மிதக்கும். தெளிப்பானின் குழாய் அடியிலிருந்துதான் உறிஞ்சும். அதனால் முன்னால் உள்ள செடிகளுக்கு வெறும் சோப்புத் தண்ணீரும் கடைசிச் செடிக்குச் சுத்த எண்ணெயும் போய்ச் சேரும். எங்கள் மாடியில் அந்தக் கடைசிச் செடி, கொத்துக் கொத்தாகக் காய்த்துக்கொண்டிருந்த மிளகாய். இரண்டே நாளில் இலைகள் ஓரம் கருகி உதிர்ந்துவிட்டன. இன்னும் அது என் மனதை விட்டுப் போகவில்லை. சோப்பையும் எண்ணெயையும் முதலில் ஒரு சின்ன டம்ளரில் போட்டு, வெள்ளையாகத் திரண்டு வரும்வரை குச்சியால் அடித்துக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் மோர் நிறத்தில் ஒரே சீராக வரும். துணி துவைக்கும் சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம். இலைக்கு அது ஆகாது.

வேப்பங்கொட்டைக் கரைசலுக்குப் பொறுமை வேண்டும். ஆடி மாதத்தில் மரத்தடியில் உதிரும் பழங்களைப் பொறுக்கி, சதையைப் பிதுக்கி, கொட்டையை நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். மேல் ஓடு நீக்கிய பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்தால் பால் போல வரும். அதனுடன் சோப்பு ஒரு கிராம். வேளாண் துறையினர் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் என்று சொல்வது இதைத்தான். அன்றைக்கே அடித்து முடித்துவிட வேண்டும். வருஷக்கணக்கில் பழசாகிப்போன கொட்டையில் வீரியம் இருக்காது.

இரண்டும் ஒரே மரம்தானே, பிறகென்ன வித்தியாசம் என்று கேட்கலாம். அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈயின் குஞ்சுகள் போன்ற மெல்லுடல் பூச்சிகளின் மேல் எண்ணெய் படலமாகப் படிந்து மூச்சை அடைக்கும். கொட்டைச் சாற்றின் பலம் அசாடிராக்டின் என்ற கசப்புப் பொருள். இலையைத் தின்னும் புழுவின் பசியை அது கெடுக்கும், தோலுரித்து வளரவும் விடாது. ஆகவே அடித்த மறுநாளே புழு செத்துக் கிடக்கிறதா என்று தேடாதீர்கள். புழு அங்கேயேதான் இருக்கும், ஆனால் இலையில் புது ஓட்டை விழாது. வெயில் பட்டால் இந்தப் பொருள் சிதைந்துவிடும் என்பதால் மாலையில்தான் அடிக்க வேண்டும். எண்ணெய்க்கும் அதே நேரம்தான். சித்திரை வெயிலில் எண்ணெய் பட்ட இலை வெந்துபோகும். எனக்கு நேரம் இருந்தால் என் கை கொட்டைக்குத்தான் போகும்.

இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்த கரைசலைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வாடையும் காரமும் பூச்சியைக் கொஞ்ச நாள் விரட்டும், மூன்று நான்கு நாளில் மறுபடி அடிக்க வேண்டும். அரைத்தவர் கையும் கண்ணும் எரியும். மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈக்கு நல்லது. வெண்டைக்கு மஞ்சள் தேமல் நோயைக் கொண்டுவருவதே வெள்ளை ஈதான் என்பதால், நட்ட முதல் வாரத்திலேயே கட்டிவிடுங்கள். ஆனால் அட்டை ஈயைக் குறைக்கும், ஒழிக்காது.

இனி வெறும் தண்ணீர். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரை மருந்தாக யாரும் மதிப்பதில்லை. கீரைக்கு எனக்கு இதுதான் முதல் வழி. கீரையில் எண்ணெய் அடித்தால் கசப்பு மசியல்வரைக்கும் வரும். காலையில் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் அசுவினி கொத்தாக விழும். விழுந்தவற்றில் பெரும்பாலானவை திரும்ப ஏறி வருவதில்லை. பறந்து வந்து முட்டையிடும் பூச்சிக்கு, பழைய கொசுவலையைப் பாத்தியின் மேல் கூடாரமாகக் கட்டிவிட்டால் போதும்.

கத்தரியின் தண்டுக்குள் புகுந்த புழுவுக்கு மட்டும் இவை எதுவும் உதவாது. நுனிக்குருத்து பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கிவிட்டால், உள்ளே தண்டையும் காயையும் துளைக்கும் புழு இருக்கிறது என்று பொருள். தண்டுக்குள் இருக்கும் புழுவை எந்தக் கரைசல் எட்டும்? தொங்கும் இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே கத்தரிக்கோலால் வெட்டிப் பிளந்து பாருங்கள், வெளிர் ரோஸ் நிறத்தில் புழு நெளியும். வெட்டிய துண்டைத் தொட்டியோரம் போடாமல் சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். தினமும் இதைச் செய்த பருவத்தில் எங்கள் வீட்டில் சொத்தைக் காய் வெகுவாகக் குறைந்தது.

தெளிப்பானைத் தூக்கும் முன் இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி புதிதாக வந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருந்ததால் அடித்த மருந்து சரியாக ஒட்டவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட, பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்கு எளிதில் படாத சின்னக் குளவிக்கே முதலிடம். நம் மாடிக்கும் இப்படிப்பட்ட குளவிகளும் அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளும் தாமாக வருகின்றன. பொறிவண்டின் புழு கருப்பாக, முதலைக்குட்டி போல இருப்பதால் பலர் அதைக் கெட்ட பூச்சி என்று நசுக்கிவிடுகிறார்கள்.

மார்கழிப் பனி தொடங்கியதும் எங்கள் அவரைப் பந்தலில் கறுப்பு அசுவினி அடை அடையாக வந்துவிட்டது. எண்ணெய் கலக்கிய தெளிப்பானோடு போனேன். ஒரு கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால், அசுவினிகளுக்கு நடுவே ஏழெட்டு மட்டும் உப்பி, பழுப்பு நிறத்தில், அசையாமல் ஒட்டியிருந்தன. இரண்டின் முதுகில் ஊசித்துளை அளவுக்கு வட்ட ஓட்டை. உள்ளே வளர்ந்த குளவி வெளியேறிய வழி அது. எண்ணெய் அடித்தால் அசுவினியோடு சேர்ந்து மிச்சக் குளவிகளும் போய்விடும். எறும்பு ஏறி அசுவினிக்குக் காவல் நிற்காதபடி பந்தல் கால்களில் மட்டும் எண்ணெய்த் துணியைச் சுற்றிவிட்டு, தெளிப்பானை மிளகாய்ப் பக்கம் எடுத்துப் போய்விட்டேன்.